இடம் வந்ததும் கூப்பிடும் கைபேசி
(வானொலிப் பண்ணை உரை)



டவுனுக்குப் புறப்படுகிறபோது நாலு வேலையை மனசில் வைத்துக்கொண்டு போகிறோம். மூன்று வேலை முடிகிறது. நாலாவது வேலை எப்போது ஞாபகத்துக்கு வருகிறது தெரியுமா? திரும்பி வருகிற பஸ் நம்ம ஊர் விலக்கில் நின்று, நாம் படியை விட்டு இறங்குகிறபோதுதான் வருகிறது. "அடடா, அதை மறந்துட்டேனே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறோம். பஸ் போய்விடுகிறது.

மறந்தது சின்னப் பொருளாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் வரும் நஷ்டம் சின்னது அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். நெல் விதை வாங்கி வந்தாயிற்று. விதை நேர்த்திக்கு வேண்டிய சூடோமோனாஸ் வாங்க விட்டுப்போச்சு. கிலோ விதைக்கு 10 கிராம்தான் தேவை. ஏக்கருக்கு 24 கிலோ விதை என்று வைத்துக்கொண்டால் 240 கிராம். அந்தக் கால் கிலோ பொட்டலத்துக்காக மறுநாள் பஸ் ஏறணும். அன்றைய வேலை கெடும். இல்லையென்றால், "இந்த ஒரு தடவை போகட்டும்" என்று நேர்த்தி செய்யாமலே விதையை ஊறப்போட்டுவிடுவோம். அப்புறம் விதை மூலமும் மண் மூலமும் வருகிற நோய்க்கு நாற்றங்காலைத் திறந்து வைத்த மாதிரிதான். பருவம் நமக்காகக் காத்திருக்காது அல்லவா?

நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முந்தானையில் ஒரு முடிச்சு, துண்டின் நுனியில் ஒரு முடிச்சு. முடிச்சு கையில் தட்டுப்பட்டால் விஷயம் ஞாபகம் வரும். நல்ல வழிதான். ஆனால் அந்த முடிச்சுக்கு டவுன் எது, வீடு எது என்று தெரியாது. உரக்கடை வாசலில் நாம் நிற்கிறபோது அது நம்மைத் தட்டிக் கூப்பிடாது.

இன்றைக்கு உங்களில் பலருடைய சட்டைப் பையில் இருக்கும் ஸ்மார்ட்போன் அந்த வேலையைச் செய்யும். "இன்ன நேரத்தில் எழுப்பு" என்று அலாரம் வைக்கிறோமே, அதேபோல "இன்ன இடம் வந்ததும் சொல்லு" என்றும் வைக்கலாம். இதை எப்படிப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இடத்துக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்?

செய்ய வேண்டிய வேலையை ஞாபகம் வைப்பதில் இரண்டு வகை உண்டு. "மூன்று மணிக்கு மாத்திரை சாப்பிடணும்" என்பது ஒரு வகை. "கணக்குப்பிள்ளையைப் பார்த்தால் இதைச் சொல்லணும்" என்பது இன்னொரு வகை. முதல் வகையில் நாமாகவே நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கணும். இரண்டாவது வகையில், எதிரே வருகிற ஆளோ பொருளோ இடமோ நமக்கு எடுத்துக் கொடுக்கும்.

அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கில்ஸ் ஐன்ஸ்டீனும் மார்க் மெக்டேனியலும் 1990-இல் இரண்டாவது வகை ஞாபகத்தைப் பற்றி ஒரு சோதனை செய்தார்கள். குறிப்பிட்ட ஒரு சொல் கண்ணில் பட்டதும் ஒரு பொத்தானை அழுத்தணும். அவ்வளவுதான் வேலை. அதில் வயதானவர்கள் இளைஞர்களுக்குக் குறைந்துவிடவில்லை என்று கண்டார்கள். ஆக, "வயசாயிடுச்சு, ஞாபகம் போச்சு" என்று மலைக்க வேண்டாம். எடுத்துக் கொடுக்க ஒன்று எதிரே வந்தால் போதும். இடம் வந்ததும் கைபேசி ஒலிப்பதும் அப்படி எடுத்துக் கொடுக்கிற வேலைதான்.

இந்த யோசனை நேற்று முளைத்தது அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நத்தாலியா மர்மாஸ், கிறிஸ் ஷ்மாண்ட் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டிலேயே, கடைப் பக்கம் போனால் வாங்க வேண்டிய பட்டியலை எடுத்துக்காட்டும் ஒரு கருவி அமைப்பைச் செய்து காட்டினார்கள். 2011-இல் ஐபோனில் இந்த வசதி வந்தது. அப்புறம் மற்றப் போன்களுக்கும் பரவியது.

கைபேசிக்கு இடம் எப்படித் தெரிகிறது?

நீங்கள் கேட்கலாம்: "நம்ம ஊருக்குப் பெயர்ப் பலகையே இல்லையே, போனுக்கு எப்படித் தெரியும்?" என்று. நியாயமான கேள்வி.

மின்னல் வெட்டுகிறது, கொஞ்சம் கழித்து இடி கேட்கிறது. இடையில் மூன்று நொடி ஆனால் இடி விழுந்த இடம் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் என்று கணக்குப் போடலாம். சத்தம் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்கிறோம். கைபேசியும் அதையே செய்கிறது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும், "நான் இன்னார், இப்போது மணி இன்னது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, ஒவ்வொரு கோளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்கிடுகிறது.

சர்வேயர் இரண்டு மூன்று கற்களிலிருந்து சங்கிலி பிடித்து உங்கள் வரப்பின் மூலையைக் குறிக்கிறார் அல்லவா? அந்த மாதிரிதான். மூன்று தூரம் தெரிந்தால் இடம் பிடிபடும். போனில் இருக்கும் கடிகாரப் பிசகைச் சரிக்கட்ட நாலாவது ஒரு கோளும் வேண்டும். நம் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய நாவிக் என்ற செயற்கைக்கோள்களும் இதே வேலைக்காக ஏற்பட்டவை. சில போன்கள் அவற்றையும் பயன்படுத்துகின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். நாள் முழுக்கச் செயற்கைக்கோளையே பார்த்துக்கொண்டிருந்தால் போனில் சார்ஜ் நிற்காது. அதனால் சாதாரண நேரத்தில் அது பக்கத்துச் செல்போன் டவரையும், அக்கம்பக்கத்து வைஃபையையும் வைத்தே, "இன்ன இடத்துப் பக்கம் இருக்கிறோம்" என்று ஒரு மதிப்பு போட்டுக்கொள்கிறது. டவுனில் டவரும் வைஃபையும் நெருக்கமாக இருப்பதால் மதிப்பு ஓரளவு சரியாக இருக்கும். வைஃபை இருக்கும் இடத்தில் பிசகு 20 முதல் 50 மீட்டர்தான். வைஃபை இல்லாத கிராமப்புறத்தில் அந்தப் பிசகு சில நூறு மீட்டர் ஆகலாம். சில கிலோமீட்டர்கூட ஆகலாம். நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். டவுன்காரருக்குச் சொல்லும் யோசனை அப்படியே நமக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம்.

எந்த வேலைக்கு ஏற்றது?

நம் வேலைகளை மூன்று கூறாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, இடத்தோடு ஒட்டிய வேலை. அந்த இடத்துக்குப் போனால்தான் அது நடக்கும். இன்றே போகணும் என்ற கட்டாயமில்லை. மோட்டாருக்கு ஃபியூஸ் கம்பி வாங்கணும். தெளிப்பானின் தேய்ந்த வாஷரை மாற்றணும். கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்து கேட்கணும். வங்கிக்குப் போனால் பாஸ்புத்தகத்தில் வரவு பதியணும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போனால் நிலக்கடலை என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிக்கணும். இவைதான் இடம் காட்டும் நினைவூட்டலுக்கு ஏற்ற வேலைகள்.

இரண்டாவது, தேதியோடு ஒட்டிய வேலை. பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடைசி நாள், கூட்டுறவுக் கடன் தவணை, மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி, மேலுரம் இடும் நாள், உங்கள் ரத்த அழுத்த மாத்திரை. இவற்றை இடத்தோடு கட்டவே கூடாது. "டவுனுக்குப் போனால் சொல்லு" என்று காப்பீட்டை வைத்துவிட்டு, அந்த வாரம் மழை காரணமாக டவுனுக்கே போகவில்லை என்று வையுங்கள். போன் வாயே திறக்காது. கடைசி நாள் கடந்து போகும். அப்புறம் வெள்ளம் வந்து பயிர் மூழ்கினால் யாரிடம் போய்க் கேட்பது? தேதி வேலைக்குத் தேதி அலாரம்தான். அதையும் கடைசி நாளில் வைக்காமல் பத்து நாள் முன்னதாக வையுங்கள்.

மூன்றாவது, பயிரின் நிலையோடு ஒட்டிய வேலை. தூரில் புகையான் எத்தனை இருக்கிறது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில் குழாய்க்குள் தண்ணீர் 15 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டதா என்பதெல்லாம் இந்தக் கூறு. இது போனுக்குத் தெரியாது. உங்கள் கண்ணும் காலும் வயலுக்குப் போகணும். இதற்குப் போனை நம்பக் கூடாது.

வைப்பது எப்படி?

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு "ரிமைண்டர்ஸ்" என்ற செயலியிலேயே இடம் சேர்க்கும் வசதி இருக்கிறது. பல சாம்சங் போன்களில் வரும் "ரிமைண்டர்" செயலியிலும் உண்டு. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில், நினைவூட்டல் செயலியைத் திறந்து "லொக்கேஷன்" அல்லது "பிளேஸ்" என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வசதி உள்ள செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளணும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள். ஆனால் பின்வரும் விஷயங்களை நீங்களே நின்று கவனிக்கணும்.

ஒன்று, போனில் "லொக்கேஷன்" பொத்தான் எப்போதும் திறந்திருக்கணும். அதை மூடி வைத்தால் போன் கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரிதான்.

இரண்டு, அந்தச் செயலிக்கு "அலவ் ஆல் தி டைம்", அதாவது எல்லா நேரமும் இடம் பார்க்கலாம் என்ற அனுமதி கொடுக்கணும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த அனுமதியைத் தனியாகக் கேட்கிறார்கள். "பயன்படுத்தும்போது மட்டும்" என்று கொடுத்துவிட்டால், போன் பைக்குள் இருக்கிறபோது அது பெரும்பாலும் ஒலிக்காது. அதோடு "பிரிசைஸ்", அதாவது துல்லியமான இடம் என்பதும் திறந்திருக்கணும்.

மூன்று, சார்ஜ் மிச்சப்படுத்த வேண்டும் என்று சில போன்கள் பின்னால் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடும். இந்த ஒரு செயலிக்கு மட்டும் பேட்டரி அமைப்பில் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று வையுங்கள். வைத்த நினைவூட்டல் ஒலிக்கவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நாலு, இடத்தைக் குறிப்பது. நம் பக்கத்துக் கடைக்கெல்லாம் வரைபடத்தில் பெயர் இருக்காது. பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இடத்துக்கு நேரில் போகிறபோது, வாசலில் நின்று "இப்போது இருக்கும் இடம்" என்று குறித்துக்கொள்ளுங்கள். கல் நட்ட மாதிரி அது அப்படியே இருக்கும். அல்லது வரைபடத்தில் அந்த இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு குறி விழும்.

ஐந்து, வட்டம் போடுவது. குறித்த இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி போடுகிறோம். அந்த வேலிக்குள் நுழைந்தால் போன் ஒலிக்கும். அந்த வேலி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதைத் தனியாகப் பார்ப்போம்.

வட்டம் எவ்வளவு பெரியது?

ஆண்ட்ராய்டு செய்தவர்கள், வட்டத்தின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும் என்று சொல்கிறார்கள். அது டவுன் நிலவரம். நமக்கு அது போதாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

200 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் அதன் குறுக்களவு 400 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் அதை 36 நொடியில் தாண்டிவிடும். போன் உடனுக்குடன் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இரண்டு நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆக, அது விழித்துப் பார்ப்பதற்குள் பஸ் போயே போய்விடும். அதே வட்டத்தை ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குப் போட்டால், தாண்டுவதற்கு மூன்று நிமிஷம் ஆகும். போனுக்கும் அவகாசம் கிடைக்கும்.

அதனால் நமக்கு ஏற்ற வழி என்ன? ஒவ்வொரு கடைக்கும் ஒரு வட்டம் போட வேண்டாம். "டவுன்" என்று ஒரே ஒரு பெரிய வட்டம் போடுங்கள். டவுன் பஸ் நிலையத்தை நடுவாக வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரம். வாங்க வேண்டியதை எல்லாம் அந்த ஒரே நினைவூட்டலில் பட்டியலாக எழுதுங்கள். டவுனுக்குள் நுழைந்ததும் போன் ஒலிக்கும்; பட்டியல் கண்ணில் படும். ஒரு நிமிஷம் நிழலில் நின்று படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். உரக்கடை முதலிலா, வங்கி முதலிலா என்று உங்கள் மனசே முடிவு செய்யும். போன் அதைச் செய்யத் தேவையில்லை.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களைப் போன் பிரித்துப் பார்க்காது என்பதையும் மனசில் வையுங்கள். வீட்டிலிருந்து களத்துமேடு 300 மீட்டர் என்றால், "களத்துக்குப் போனதும் சொல்லு" என்று வைப்பதில் பயனில்லை. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே அது ஒலிக்கும். இல்லையென்றால் ஒலிக்கவே ஒலிக்காது. கிராமத்தில் ஒரு கிலோமீட்டருக்கு உள்ளே இருக்கும் இடங்களுக்கு இந்த முறை வேண்டாம். அதற்குப் பழைய முடிச்சே மேல்.

புறப்படும்போது ஞாபகப்படுத்துமா?

இடத்துக்கு "வந்ததும்" என்று வைப்பது போல, இடத்தை விட்டுக் "கிளம்பியதும்" என்றும் வைக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறோம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கி பாஸ்புத்தகம் எல்லாம் எடுத்துப் போகணும். "வீட்டை விட்டுக் கிளம்பினால் ஆதாரை ஞாபகப்படுத்து" என்று வைத்தால் என்ன ஆகும்? நீங்கள் வட்டத்தைத் தாண்டிய பிறகுதான் போன் ஒலிக்கும். அதற்குள் வண்டி ஒரு கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ போயிருக்கும். மூட்டை ஏற்றிய டிராக்டரைத் திருப்ப முடியுமா? உரம் வாங்கப் போகிறபோதும் இதே கதைதான். 2018 முதல் மானிய உரம் ரேகை வைக்கிற மிஷின் வழியாகத்தான் விற்பனையாகிறது. ஆதார் இல்லாமல் கடை வாசலில் நின்று போன் ஒலித்து என்ன பயன்?

ஆகவே ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வர வேண்டியதற்கு இட நினைவூட்டல். கொண்டுபோக வேண்டியதற்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு அலாரம். அலாரம் அடித்ததும் அப்போதே எழுந்து பொருளைப் பைக்குள் போட்டு, பையை வண்டிக் கைப்பிடியில் மாட்டிவிடணும்.

மண் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவித்த இடம் எல்லாம் தவிர்த்து, பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, பங்கிட்டு, அரைக் கிலோ மண்ணைப் பையில் போட்டு வைக்கிறோம். அந்தப் பை திண்ணையிலேயே கிடக்கிறது. டவுனுக்கு மூன்று தடவை போய் வந்தாயிற்று. பை மட்டும் போகவில்லை. அதற்குள் விதைப்பு வந்துவிடுகிறது. பிறகு போன வருஷம் போட்ட உரத்தையே மறுபடி போடுகிறோம். மண்ணுக்கு எது வேண்டும் என்று தெரியாமலே பணம் மண்ணுக்குள் போகிறது. இங்கே இரண்டு நினைவூட்டலும் வேண்டும். பையை வண்டியில் மாட்ட இரவு அலாரம். டவுனுக்குள் நுழைந்ததும், "மண் பரிசோதனை நிலையத்தில் பையைக் கொடு, முடிவு எப்போது கிடைக்கும் என்று கேள்" என்று இட நினைவூட்டல்.

எழுதுவதிலும் ஒரு முறை உண்டு

"மருந்து" என்று ஒரு சொல் எழுதி வைத்தால், பத்து நாள் கழித்து அது மாட்டுக்கா, பயிருக்கா, தாத்தாவுக்கா என்று நமக்கே தெரியாது. என்ன, எவ்வளவு, எதற்கு என்று மூன்றையும் எழுதுங்கள். "சூடோமோனாஸ் 250 கிராம், நெல் விதைக்கு, காலாவதித் தேதி பார்க்கணும்" என்று இருந்தால் கடைக்காரர் கையில் போனையே காட்டிவிடலாம். எழுத்து அடிக்கச் சிரமமாக இருந்தால், விசைப்பலகையில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள். பல போன்களில் அது எழுத்தாகவே விழும். விழுந்ததை ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள். 250 என்பது 25 ஆகிவிட்டால் வம்பு.

தினமும் போகிற இடத்துக்கு நினைவூட்டல் வைக்காதீர்கள். காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போகிறோம். தினம் இரண்டு தடவை போன் கத்தினால் நாலாம் நாள் அது காதிலேயே விழாது. ஐந்தாம் நாள் கத்தியது முக்கியமான விஷயமாக இருந்தாலும் கையால் தட்டிவிடுவோம். ஒரே சமயத்தில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். களை எடுத்த வயல்தான் பயிரைக் காட்டும்.

முளைப்புத்திறன் பார்ப்பது போல

புது விதையை முழு வயலுக்கும் அப்படியே விதைத்துவிடுவோமா? 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, 80-க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று பார்க்கிறோம். இதற்கும் அப்படி ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் அவசரம் இல்லாத ஒரு வேலையை வையுங்கள். "டவுன் வந்ததும் வெற்றிலை வாங்கணும்" என்பது போல. ஐந்து தடவை போய் வாருங்கள். எத்தனை தடவை ஒலித்தது, எந்த இடத்தில் ஒலித்தது என்று பாருங்கள். ஐந்தில் நாலு தடவையாவது சரியாக ஒலித்தால் உங்கள் போனை இந்த வேலைக்கு நம்பலாம். பஸ் நிலையத்தைத் தாண்டிய பிறகு ஒலிக்கிறதா? வட்டத்தைப் பெரிதாக்குங்கள். ஒலிக்கவே இல்லையா? அனுமதியையும் பேட்டரி அமைப்பையும் மறுபடி பாருங்கள்.

நன்றாக முளைத்த விதையும் சில வருஷம் கழித்துப் பொய்க்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கோர்டானா என்ற உதவிச் செயலியில் 2014-இல் இதே வசதியைக் கொடுத்தது. 2021 மார்ச் மாதத்தோடு போனில் அந்தச் செயலி நின்றுபோனது. அதை நம்பி இருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஆகவே போனில் புதிய பதிப்பு இறங்கியதும், நினைவூட்டல் இன்னும் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மிக முக்கியமானதைக் காலண்டர் தாளிலும் எழுதி வையுங்கள்.

சில எச்சரிக்கைகள்

இரு சக்கர வண்டியிலோ டிராக்டரிலோ போகும்போது போன் ஒலித்தால், ஓட்டிக்கொண்டே பார்க்காதீர்கள். ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். மறந்த பொருளை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். கை கால் போனால் வாங்க முடியாது.

நீங்கள் இருக்கும் இடம் என்பது ஒரு முக்கியமான தகவல். வீட்டில் ஆள் இல்லாத நேரம் எது என்பது அதில் அடங்கியிருக்கிறது. "எல்லா நேரமும் பார்க்கலாம்" என்ற அனுமதியை இந்த ஒரு செயலிக்கு மட்டும் கொடுங்கள். விளையாட்டுச் செயலி, கடன் தருகிறோம் என்று வரும் செயலி இவை கேட்டால் "வேண்டாம்" என்பதைத் தொடுங்கள். டார்ச் லைட் செயலிக்கு உங்கள் ஊர் எதற்கு?

ஒரே போனை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினால், போன் யார் கையில் இருக்கிறதோ அவர் போகிற இடத்தில்தான் அது ஒலிக்கும். மகன் போனை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனால், உங்கள் பட்டியல் அவனுக்குத்தான் கேட்கும். அதுவும் நல்லதுதான், "வாங்கிட்டு வாப்பா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் சரி.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். இதில் இருக்கும் தத்துவம் போனைச் சேர்ந்தது அல்ல. எந்த இடத்தில் வேலையோ, அந்த இடத்தில் கையில் படுகிற பொருளில் குறிப்பை வையுங்கள். டவுனுக்கு மட்டும் எடுத்துப் போகிற துணிப்பை ஒன்று இருக்கட்டும். வாங்க வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி அதற்குள்ளேயே வையுங்கள். அல்லது பணத்தோடு சேர்த்து மடித்து வையுங்கள். பணத்தை எடுக்காமல் டவுனில் ஒரு வேலையும் நடக்காது அல்லவா? பணத்தைத் தொட்டால் சீட்டு கையில் வரும்.

முடிவாக

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வாங்கி வருவதற்கு இடம். கொண்டுபோவதற்கு முந்தின இரவு. கடைசித் தேதி உள்ளதற்குத் தேதி அலாரம். பயிர் நிலைக்கு உங்கள் கண். டவுனுக்கு ஒரே பெரிய வட்டம். பட்டியலில் பெயரும் அளவும். முக்கியமான வேலையை ஒப்படைப்பதற்கு முன்னால் ஐந்து தடவை சோதனை.

விவசாயத்தில் மழை நம் கையில் இல்லை. விலை நம் கையில் இல்லை. மறதியால் வரும் நஷ்டத்தையாவது நம் கையால் தடுக்க முடியும். இந்த வாரம் டவுனுக்குப் போகிறபோது பஸ் நிலையத்தில் இறங்கியதும் அந்த இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வாங்க வேண்டிய ஒரே ஒரு பொருளை அதில் எழுதி வையுங்கள். தாய்மார்களும் செய்து பாருங்கள். வீட்டுக்கு என்ன வேண்டும் என்ற பட்டியல் பெரும்பாலும் உங்கள் மனசில்தானே இருக்கிறது? அந்தப் பாரத்தில் பாதியைப் போன் சுமக்கட்டும்.